இரண்டு கடை மூடிய மிட்டாய்க்காரர்



மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். காதல் கவிதை ஏற்கெனவே ஒரு கட்டு வந்து கிடக்கிறது, நீயாவது உருப்படியாக எழுது என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அதனால் நீங்கள் பிழைத்தீர்கள்! கவிதைக்குப் பதிலாக ஒரு மிட்டாய்க்காரரின் கதையைச் சொல்லப் போகிறேன்.

அதற்கு முன் என் மானம் போன கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் ஆண்டில் ஒர்க்‌ஷாப்பில் ஒரு டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடித்தது. நானாச்சு என்று களத்தில் குதித்தேன். நாசிலைக் கழற்றினேன், ஃபில்டரைக் கழற்றினேன், பம்ப்பில் கை வைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து, எண்ணெய்க் கறையோடு நின்ற என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு இன்ஸ்ட்ரக்டர் வந்து பார்த்தார். டேங்குக்குக் கீழே டீசல் வால்வு மூடியிருந்தது. திறந்தார், ஓடியது. அவ்வளவுதான்! கோளாறு எங்கே என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

அந்த ஆண்டே தெர்மல் பேப்பரில் அரியர் விழுந்தது. எனக்கு மூளை போதாது என்று முடிவு கட்டிக்கொண்டு நூலகத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்த நாட்களில்தான் இந்த மனிதரைப் பற்றிப் படித்தேன். பெயர் மில்டன் ஸ்னேவ்லி ஹெர்ஷி. ஹெர்ஷி என்றதும் சாக்லேட் ஞாபகம் வரும். உலகத்துக்கே அவரைச் சாக்லேட்காரராகத்தான் தெரியும். என்னைப் பிடித்து உட்காரவைத்தது அதற்கு முந்தைய கதை. லங்காஸ்டர் என்ற ஊரில் அவர் நடத்திய மிட்டாய்க் கம்பெனியின் கதை.

தொப்பி விழுந்த அச்சகம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில், டெர்ரி என்ற கிராமப் பகுதியில் 1857-ஆம் ஆண்டு செப்டம்பர் 13-ஆம் தேதி பிறந்தார் மில்டன். சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஜெர்மன் மொழி பேசும் மென்னோனைட் கிறிஸ்தவர்கள் வாழும் பூமி. எளிய உடை, கடும் உழைப்பு, கடன் வாங்காத வாழ்க்கை, இதுதான் அவர்களுடைய வழி.

தாயார் பேனி அந்த வழியில் இம்மி பிசகாதவர். தகப்பனார் ஹென்றி நேர் எதிர். புத்தகப் பைத்தியம், கனவு மன்னர். எண்ணெய்க் கிணறு என்று ஒரு பக்கம் ஓடுவார், பண்ணை என்று இன்னொரு பக்கம் ஓடுவார். எதுவும் நிலைக்காது. குடும்பம் ஊர் ஊராக மாறியது. பையன் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக மாறினான். நாலாம் வகுப்போடு படிப்பும் போனது. நண்பர்களே, நாமெல்லாம் டிப்ளமோ!

லங்காஸ்டரில் ஜெர்மன் மொழிப் பத்திரிகை அச்சடிக்கும் ஓர் அச்சகத்தில் பையனைத் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அவனுக்கு அதில் மனம் ஒட்டவில்லை. ஒருநாள் அவனுடைய தொப்பி அச்சு இயந்திரத்துக்குள் விழுந்து தொலைத்தது. வேலையும் தொலைந்தது.

அம்மா அசரவில்லை. 1872-இல் லங்காஸ்டரிலேயே ஜோசப் ராயர் என்ற மிட்டாய்க்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே நான்கு ஆண்டுகள். சர்க்கரைப் பாகு காய்ச்சுவதுதான் பாடம். எந்தச் சூட்டில் பாகு கம்பியாக இழுக்கும், எப்போது உருண்டையாகத் திரளும், எப்போது கண்ணாடி போல் உடையும் என்று கையும் கண்ணும் கற்றுக்கொண்டன. நம் வீட்டில் கடலை உருண்டைக்குப் பாகு வைக்கும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பதம் பார்ப்பார்களே, அதேதான். தெர்மாமீட்டர் எல்லாம் பிறகுதான். பதம் தப்பினால் மொத்த அண்டாவும் பாழ்.

முதல் கடை, முதல் பூட்டு

1876-இல் பிலடெல்பியா நகரில் அமெரிக்க சுதந்திரத்தின் நூற்றாண்டுப் பொருட்காட்சி நடந்தது. ஊரெல்லாம் கூட்டம். கூட்டம் இருந்தால் மிட்டாய் விற்கும் என்று கணக்குப் போட்டு, பத்தொன்பது வயதுகூட நிரம்பாத மில்டன் அங்கே கடை திறந்தார். இரவில் காய்ச்சுவார், பகலில் விற்பார். அம்மாவும் சித்தி மேட்டியும் வந்து மிட்டாய்க்குத் தாள் சுற்றிக் கொடுத்தார்கள். தாய்மாமன் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தார்.

பொருட்காட்சி முடிந்தது. கூட்டம் கலைந்தது. மிட்டாய் என்னவோ விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் சரக்கு வாங்கிய சில்லறைக் கடைக்காரர்கள் மெதுவாகத்தான் பணம் தருவார்கள். சர்க்கரை கொடுத்த வியாபாரிக்கு உடனே பணம் வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கடன் வாங்கித்தான் நிரப்ப வேண்டும். நம் மேனேஜ்மெண்ட் பாடத்தில் ஒர்க்கிங் கேப்பிடல் என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வருமே, அதுதான் அவரைச் சாய்த்தது. ஆறு ஆண்டுகள் போராடினார். உடம்பும் கெட்டது. 1882-இல் கடைக்குப் பூட்டு விழுந்தது.

டென்வரில் கிடைத்த பால் ரகசியம்

அப்பா ஹென்றி அப்போது மேற்கே, கொலராடோவில் வெள்ளிச் சுரங்கக் கனவில் இருந்தார். மகனும் டென்வர் நகருக்குப் போனார். சுரங்கத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பிழைப்புக்கு ஒரு கேரமல் மிட்டாய்க்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தார். சொந்தக் கடை வைத்திருந்தவர் மறுபடியும் கூலிக்காரர்!

ஆனால் நண்பர்களே, அந்தக் கூலி வேலைதான் அவருக்குப் பட்டம் கொடுத்தது. கேரமல் என்பது சர்க்கரையைக் காய்ச்சி இறுக்கும் மெல்லக்கூடிய மிட்டாய். அந்தக் காலத்தில் பலர் அதில் பாரபின் மெழுகு சேர்ப்பார்கள். டென்வர் முதலாளி மெழுகு சேர்க்கவில்லை. புதுப் பால் ஊற்றினார். மிட்டாய் மெத்தென்று இருந்தது, நாள்பட்டும் கெடவில்லை.

காரணம் என்ன? பாலில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து வினைபுரியும்போதுதான் கேரமலுக்கு அந்தப் பழுப்பு நிறமும் மணமும் வருகின்றன. பாலில் உள்ள கொழுப்பு மிட்டாயை மென்மையாக வைத்திருக்கிறது, பல்லில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. மெழுகுக்கு அந்த வித்தை தெரியாது. இந்த வேதியியல் விளக்கம் ஹெர்ஷிக்குத் தெரிந்திருக்காது. நாலாம் வகுப்பு ஆயிற்றே! ஆனால் பண்ணையில் பிறந்தவருக்குப் பாலின் அருமை சட்டென்று பிடிபட்டது.

அங்கிருந்து சிகாகோ, நியூ ஆர்லியன்ஸ் என்று சுற்றிவிட்டு 1883-இல் நியூயார்க் வந்தார். பகலில் ஒரு பெரிய மிட்டாய்க் கம்பெனியில் வேலை. இரவில் வீட்டுக்காரம்மாவின் அடுப்படியில் சொந்தச் சரக்கு. பிறகு தனிக்கடை. இந்த முறை மிட்டாய் இன்னும் நன்றாக இருந்தது. கடன் இன்னும் பெரிதாக இருந்தது! அந்தக் கடையையும் மூடிவிட்டு 1886-இல் லங்காஸ்டருக்கே திரும்பினார். வயது இருபத்தெட்டு. கையில் சல்லிக்காசு இல்லை.

ஊர் கைவிட்டது, மூன்று பேர் கைவிடவில்லை

உதவி செய்த உறவினர்கள் இப்போது கதவைச் சாத்தினார்கள். அப்பன் புத்திதானே பிள்ளைக்கு என்று பேசினார்கள். நியூயார்க்கிலிருந்து வந்த பாத்திரம் பண்டங்கள் ரயில் நிலையத்தில் கிடந்தன. கூலி கட்டி எடுக்கக்கூட காசில்லை. பிலடெல்பியா கடையில் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி லெப்கிச்சர் என்பவர்தான் அந்தக் கூலியைக் கட்டி மீட்டுக் கொடுத்தார், தங்க இடமும் கொடுத்தார். பழைய தொழிலாளி பழைய முதலாளிக்குக் கைகொடுத்தார்! சித்தி மேட்டியும் கைவிடவில்லை. அம்மா வழக்கம்போல் வந்து தாள் சுற்ற உட்கார்ந்தார்.

இந்த முறை என்ன செய்தார் ஹெர்ஷி? எல்லா மிட்டாயும் செய்யவில்லை. டென்வரில் கற்ற பால் கேரமலைப் பிடித்துக்கொண்டார். லங்காஸ்டரைச் சுற்றிப் பால் ஆறாக ஓடியது. நல்ல சரக்கு, கைக்கெட்டும் தூரத்தில் மூலப்பொருள். தள்ளுவண்டியில் வைத்து விற்றார். இங்கிலாந்திலிருந்து வந்த ஓர் இறக்குமதி வணிகர் அதைச் சுவைத்துவிட்டுப் பெரிய ஆர்டர் கொடுத்தார்.

ஆர்டர் வந்தால் மட்டும் போதுமா? மறுபடியும் அதே பழைய இடைவெளி! சர்க்கரைக்கு இன்று பணம் வேண்டும், இங்கிலாந்துப் பணம் கப்பலில் வரவேண்டும். உள்ளூர் வங்கியில் கடன் கேட்டார். வாங்கிய கடனைக் கட்ட முடியாத நிலையில் கூடுதல் கடனும் கேட்டார். வங்கியின் காசாளர் மிட்டாய்ப் பட்டறைக்கு நேரிலேயே வந்து பார்த்தார். கொதிக்கும் அண்டாக்களையும், மூக்குக்கண்ணாடியோடு தாள் சுற்றிக்கொண்டிருந்த வயதான பெண்களையும் பார்த்தார். வங்கி ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து தன் சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டார். கடன் தவணை நெருங்கிய நேரத்தில் இங்கிலாந்துப் பணம் வந்து சேர்ந்தது. மனிதர் அந்தக் காசோலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வேலை செய்த கோலத்திலேயே வங்கிக்கு ஓடினாராம்.

அதற்குப் பிறகு லங்காஸ்டர் கேரமல் கம்பெனிக்கு ஏறுமுகம்தான். 1890-களின் நடுவில் 1,300-க்கும் அதிகமான தொழிலாளர்கள். லங்காஸ்டரில் மட்டுமல்ல, மவுண்ட் ஜாய், சிகாகோ என்று கிளைத் தொழிற்சாலைகள். கடல் கடந்தும் சரக்கு போனது.

இங்கேதான் எனக்கு ஒர்க்‌ஷாப் ஞாபகம் வந்தது. பிலடெல்பியாவிலும் நியூயார்க்கிலும் கடை படுத்தபோது, எனக்குத் தொழில் தெரியவில்லை என்று ஹெர்ஷி முடிவு கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். மிட்டாயில் கோளாறே இல்லை. பணம் வரும் குழாயில்தான் வால்வு மூடியிருந்தது. அதைக் கண்டுபிடிக்க அவருக்குப் பத்து ஆண்டுகள் ஆயின.

ஓடுகிற வண்டியை விற்றவர்

1893-இல் சிகாகோ உலகப் பொருட்காட்சி. அங்கே ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்து வந்த லேமன் கம்பெனியின் சாக்லேட் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கோகோ விதையை வறுத்து, தோல் நீக்கி, கல் உருளைகளில் அரைத்து, அச்சில் வார்ப்பது வரை எல்லாம் இயந்திரம். மற்றவர்கள் வேடிக்கை பார்த்துவிட்டு ராட்டினம் ஏறப் போனார்கள். ஹெர்ஷி நின்று நின்று பார்த்தார். காட்சி முடிந்ததும் அந்த இயந்திரங்களையே விலைக்கு வாங்கி லங்காஸ்டருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1894-இல் கேரமல் கம்பெனியின் துணையாக ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி பிறந்தது. முதலில் கேரமலுக்கு மேல்பூச்சு, பிறகு தனிச் சாக்லேட்.

1898-இல் கிட்டி என்று செல்லமாக அழைக்கப்பட்ட கேத்தரின் ஸ்வீனியை மணந்தார். அவர் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண். மென்னோனைட் தாயாருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா!

1900-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஊரையே வாய்பிளக்க வைத்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த லங்காஸ்டர் கேரமல் கம்பெனியை அமெரிக்கன் கேரமல் கம்பெனிக்கு 10 லட்சம் டாலருக்கு விற்றுவிட்டார். சாக்லேட் இயந்திரங்களை மட்டும் கொடுக்கவில்லை. கேரமல் ஒரு காலத்து மோகம், சாக்லேட்தான் நிலைக்கும் என்பது அவர் கணிப்பு.

பால் சாக்லேட் அப்போது சுவிட்சர்லாந்துக்காரர்களின் சொத்து. 1875-இல் டேனியல் பீட்டர் என்பவர் செய்து காட்டியது. செய்முறையை வெளியே விடமாட்டார்கள். சிக்கல் எங்கே என்றால், சாக்லேட்டில் இருப்பது கோகோ கொழுப்பு. பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீர். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டுமா? தண்ணீரை விரட்டச் சூடேற்றினால் பால் அடிப்பிடிக்கிறது.

தான் பிறந்த டெர்ரி பண்ணை வீட்டைத் திரும்ப வாங்கியிருந்தார் ஹெர்ஷி. அங்கே பாலை விதவிதமாகக் காய்ச்சிக் காய்ச்சிக் கொட்டினார்கள். கொழுப்பு அதிகமுள்ள பாலை முயன்றார், தோற்றார். கடைசியில் கொழுப்பு நீக்கிய பாலோடு சர்க்கரை சேர்த்து, வெற்றிடக் கலத்தில் குறைந்த சூட்டில் மெதுவாக வற்றவைத்தபோது, சாக்லேட்டோடு இணங்கும் பதம் வந்தது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று நாம் தெர்மலில் படிக்கிறோமே, அதுதான் நண்பர்களே! நான் அரியர் வைத்த அதே பேப்பர்!

1903-இல் அந்தப் பண்ணைப் பூமியிலேயே தொழிற்சாலைக்கு அடித்தளம் போட்டார். காட்டுக்குள் போய்க் கட்டுகிறானே என்று சிரித்தார்கள். ஆனால் பால் அங்கே, தண்ணீர் அங்கே, ரயில் பாதை அங்கே, உழைக்கும் மக்கள் அங்கே. கோகோவும் சர்க்கரையும் இறங்கும் துறைமுகங்களும் அதிக தூரமில்லை. 1905-இல் உற்பத்தி ஓடத் தொடங்கியது. 1907-இல் கூம்பு வடிவ கிஸ்ஸஸ் சாக்லேட் வந்தது. அதற்கு 1921 வரை கையால்தான் வெள்ளித்தாள் சுற்றினார்கள், பிறகு இயந்திரம் வந்தது. அம்மா சுற்றிய கைவேலை கடைசியில் இரும்புக் கைக்குப் போயிற்று! பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்த பால் சாக்லேட்டை ஐந்து சென்டுக்கு விற்றார். அவர் காலத்துக்குப் பிறகும் அந்த ஐந்து சென்ட் பார் 1969 வரை இருந்தது. விலை ஏறவில்லை, கட்டியின் எடைதான் ஏறி இறங்கியது!

பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளைகள்

தொழிற்சாலையைச் சுற்றி ஓர் ஊரே எழுந்தது. அதன் பெயரும் ஹெர்ஷி. தெருக்களுக்குச் சாக்லேட் அவென்யூ, கோகோ அவென்யூ என்று பெயர். தொழிலாளர்களுக்கு நல்ல வீடுகள், டிராம் வண்டி, பூங்கா, பள்ளி.

கிட்டி நோயாளியாக இருந்தார். குழந்தையில்லை. 1909 நவம்பர் 15-இல் கணவனும் மனைவியும் ஒரு பத்திரம் எழுதினார்கள். அநாதைச் சிறுவர்களுக்கான ஹெர்ஷி தொழிற்பள்ளி பிறந்தது. சோறு, துணி, இருப்பிடம், படிப்பு, கைத்தொழில் எல்லாம் இலவசம். படித்து வெளியே போகும் பையன் கையில் 100 டாலரும் கொடுத்தார்கள். தோற்றுத் தெருவில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிந்தவர் செய்த ஏற்பாடு இது.

1912-இல் டைட்டானிக் கப்பலில் பயணம் செய்ய முன்பணம் கட்டியிருந்தார். வேறு கப்பலில் முன்னதாகவே ஊர் திரும்பியதால் தப்பினார். கிட்டிக்கு அந்த யோகம் நீடிக்கவில்லை. 1915-இல் காலமானார். ஹெர்ஷி மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1918-இல், சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ள கம்பெனிப் பங்குகளைப் பள்ளியின் அறக்கட்டளைக்கே எழுதி வைத்துவிட்டார். தம்பட்டம் அடிக்கவில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் பத்திரிகைகளுக்கே செய்தி தெரிந்தது!

வெயிலும் நிழலும்

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிப்பாக முடியும். ஆனால் நாம் நடத்துவது மாணவர் பேரவை மலர். அதனால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

அந்த 1909 பத்திரத்தில் வெள்ளைக்காரச் சிறுவர்களுக்கு மட்டுமே இடம் என்று எழுதியிருந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு 1960-களின் இறுதியில்தான் திறந்தது. பெண் பிள்ளைகளுக்கு 1970-களில். தோற்றவனின் வலி தெரிந்தவருக்கு ஒதுக்கப்பட்டவனின் வலி தெரியவில்லை. அல்லது தெரிந்தும் காலத்தோடு போனார்.

இன்னொன்று. 1930-களில் உலகமே பொருளாதார மந்தத்தில் மூழ்கியபோது ஹெர்ஷி தன் ஊரில் கட்டட வேலைகளைத் தொடங்கினார். ஓட்டல், சமுதாயக் கூடம், விளையாட்டரங்கம் என்று எழும்பின. சுமார் 600 பேருக்கு வேலை. இத்தனை செய்த முதலாளிக்கு எதிராக 1937 ஏப்ரலில் தொழிலாளர்கள் சாக்லேட் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏன்? பூங்காவைத் தந்தவர், சம்பளத்தையும் வேலைப் பாதுகாப்பையும் பற்றி அவர்கள் தரப்பில் பேச ஓர் இடம் தரவில்லை. அந்த ஊருக்கு நகரசபை கிடையாது, மேயர் கிடையாது. எல்லாம் அவர் விருப்பம்தான்.

ஆலை நின்றதால் பண்ணைக்காரர்களின் பால் தேங்கியது. வேலைநிறுத்தம் தொடங்கிய ஐந்தாம் நாள், ஆத்திரமடைந்த பண்ணைக்காரர்களும் நிர்வாகத்தின் பக்கம் நின்ற தொழிலாளர்களும் கழிகளோடு உள்ளே புகுந்து உட்கார்ந்திருந்தவர்களை அடித்து வெளியேற்றினார்கள். ஒரே ஊர்க்காரர்கள்! எந்தப் பாலும் எந்த மக்களும் சேர்ந்து அந்த இனிப்பை உண்டாக்கினார்களோ, அவர்களே அன்று மோதிக்கொண்டார்கள். எழுபத்தொன்பது வயது ஹெர்ஷி மனம் உடைந்து போனார். பிறகு சில ஆண்டுகளுக்குள் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் எழுதும் முறை அங்கேயும் வந்தது.

இதைப் படித்தபோது அந்த முதலாளியின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. பணத்தின் கோளாறைப் பத்து ஆண்டில் கண்டுபிடித்தவர், பாலின் கோளாறைக் காய்ச்சிக் காய்ச்சிக் கண்டுபிடித்தவர், இந்தக் கோளாறைக் கடைசிவரை வேறு இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தார். இன்னொரு ஓட்டல், இன்னொரு அரங்கம் என்று கொடுத்துக்கொண்டே போனார். உனக்கு என்ன வேண்டும் என்று உட்காரவைத்துக் கேட்கவில்லை. நாளை நம்மில் சிலர் பட்டறை வைப்போம், பலர் பட்டறையில் வேலை செய்வோம். இரண்டு பேருக்குமே இது பாடம்.

கடைசி ஆர்டர்

அதே 1937-இல் அமெரிக்க ராணுவத்தின் கேப்டன் பால் லோகன் ஒரு விநோதமான ஆர்டரோடு வந்தார். சிப்பாய்களின் அவசர உணவுக்கு ஒரு சாக்லேட் வேண்டும். எடை 4 அவுன்ஸ். சக்தி நிறைய வேண்டும். கடும் வெயிலிலும் உருகக்கூடாது. சுவை வேகவைத்த உருளைக்கிழங்கைவிடக் கொஞ்சம் மேலாக இருந்தால் போதும்! ருசியாக இருந்தால் சிப்பாய் அவசரத்துக்கு வைக்காமல் முன்பே தின்றுவிடுவானே! ஒரு கட்டிக்கு 600 கலோரி. ருசிக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவரின் தொழிற்சாலை, ருசியைக் குறைப்பதற்காக உழைத்தது. இரண்டாம் உலகப் போரில் அந்தக் கட்டிகள் கோடிக்கணக்கில் போர்முனைகளுக்குப் போயின.

1945 அக்டோபர் 13-ஆம் தேதி, எண்பத்தெட்டாம் வயதில் மில்டன் ஹெர்ஷி மறைந்தார். பெரும் சொத்தை முன்பே கொடுத்துவிட்டிருந்தார். 1951-இல் பள்ளிக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். இன்று அங்கே 2,000-க்கும் அதிகமான பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக, எல்லா இனத்தவரும் இலவசமாகப் படிக்கிறார்கள்.

நண்பர்களே, இனி என் கதைக்கு வருகிறேன். புத்தகத்தை மூடிவிட்டு, அன்றிரவே ஹாஸ்டலில் என் பழைய தெர்மல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூளையைக் குறை சொல்வதை நிறுத்திவிட்டு, வால்வு எங்கே மூடியிருக்கிறது என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கிடைத்தது! தியரி எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. நீராவி அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடத்தான் வரவில்லை. முதல் ஆண்டில் பார்க்காமல் தாண்டிப்போன ஒரே ஒரு பாடம். ஒரு சீனியர் அண்ணனிடம் போய் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். மூன்று நாள் மாலை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். எனக்குக் கிடைத்த லெப்கிச்சர் அவர்தான்!

அடுத்த தேர்வில் அரியர் கிளியர் ஆனது. பெரிய மதிப்பெண் ஒன்றுமில்லை. சும்மா கரையேறினேன், அவ்வளவுதான். ஆனாலும் அன்று கேன்டீனில் நண்பர்களுக்கெல்லாம் நான்தான் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். என்ன இனிப்பு என்று கேட்கிறீர்களா? பால்கோவாதான்! பாலும் சர்க்கரையும் அடிப்பிடிக்காமல் பதம் பார்த்துக் காய்ச்சியது.

அரியரோடு இருக்கும் தம்பிகளே, தங்கைகளே! கடையை மூடலாம், தப்பில்லை. ஏன் மூடினோம் என்று தெரியாமல் மட்டும் வீட்டுக்குப் போகாதீர்கள். ரயில் நிலையத்தில் யாருடைய பெட்டியாவது கூலி கட்டாமல் கிடந்தால், முடிந்தவரை எடுத்துக் கொடுங்கள்.